ஒளிந்துகொண்டு கேட்ட கச்சேரி

விருதுநகர் மாவட்டத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 24 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியும் சிலவற்றை விட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

கல்லூரி நாள் முதல் அவர் ஒரு சிறிய ராக் இசைக்குழுவின் ரசிகர். தமிழிலும் ஆங்கிலத்திலும் தாங்களே பாட்டெழுதி இசையமைக்கும் நால்வர் குழு அது. சினிமாவுக்கு வெளியே இயங்குவதால், பெயரைச் சொன்னால் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரிவதில்லை என்று எழுதுகிறார். அவர்களுடைய பாடல்கள் அத்தனையும் இவருக்கு மனப்பாடம். ஆனால் நேரில் கேட்டதில்லை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஆழ்வார்பேட்டையில் ஓர் உணவகத்தின் மாடியில் அவர்கள் வாசிக்கப்போவது தெரிந்து, பலமுறை யோசித்து டிக்கெட் எடுத்துத் தனியாகப் போயிருக்கிறார். கிளம்பும் முன், அறைத் தோழர் கொடுத்த 40 மில்லிகிராம் ப்ரோபிரானோலால் மாத்திரை ஒன்று. போன இடத்தில் இரண்டு பீர். கூட்டம் நூறு பேருக்குள்தான் இருந்தது. எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகத் தோன்றவே, மேடைக்கு இடப்புறம் ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்த இருட்டு மூலையில் போய் நின்றுகொண்டு, இரண்டு மணி நேரமும் அங்கிருந்து நகரவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் இசைக்கலைஞர்களே ஒரு மேசையைப் போட்டு டி-ஷர்ட் விற்றிருக்கிறார்கள். இவர் வரிசையில் நின்றார். சொல்ல வேண்டியதை முந்தைய நாளே அலைபேசியில் எழுதி, குளியலறைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தார். தன் முறை வந்து, 800 ரூபாயைச் செலுத்திவிட்டு நிமிர்ந்தபோது, கிட்டார் வாசிப்பவர் சிரித்தபடி, “முதல் தடவையா ப்ரோ?” என்று கேட்டிருக்கிறார். இவர் வாயிலிருந்து வந்தது, “சாப்பிட்டீங்களா?” பதிலுக்குக் காத்திராமல், டி-ஷர்ட்டையும் வாங்கிக்கொள்ளாமல் படியிறங்கி, பைக்கை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டார்.

அன்று முதல் அந்தப் பாடல்களைக் கேட்க முடியவில்லை என்கிறார். குழுவினர் பின்னர் வெளியிட்ட ஒரு காணொளித் துண்டில் ஓரமாகக் கைகட்டி நிற்கும் உருவம் தான்தான் என்று கண்டுபிடித்து, அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கூசிப்போகிறார். காதில் இரண்டு நாள் ஓயாத இரைச்சல். இப்போதும் படுக்கப் போகும்போது மெல்லக் கேட்கிறது. அடுத்த மாதம் அதே குழு மறுபடியும் வாசிக்கிறது. போகலாமா, மாத்திரையை இரண்டாகக் கூட்டிக்கொள்ளலாமா, அந்தக் கலைஞருக்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பலாமா, தனக்கு இருப்பது ஒரு நோயா என்பவை அவருடைய கேள்விகள். சிறுவயதில் வீசிங் இருந்தது, இப்போதும் மழைக்காலத்தில் இன்ஹேலர் தேவைப்படும் என்று கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. மற்றவை நிதானமாகப் பேசக்கூடியவை; இது அப்படியல்ல.

அந்த மாத்திரையை இனித் தொடாதீர்கள்

ப்ரோபிரானோலால் இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் பழைய மருந்து. 1960-களில் அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. மேடையேறுமுன் கை நடுங்குபவர்களுக்கும் படபடப்பு வருபவர்களுக்கும் மருத்துவர்கள் அதைச் சிறிய அளவில் எழுதித் தருவதுண்டு. 1987-இல் அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் நடத்திய ஒரு கணக்கெடுப்பில், இந்த வகை மருந்தை எடுத்துக்கொண்டதாகச் சொன்ன கலைஞர்கள் 27 சதவீதம். ஆகவே உங்கள் அறைத் தோழர் எங்கோ கேள்விப்பட்டுக் கொடுத்ததில் வியப்பில்லை.

ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. இதயத்தின் துடிப்பைத் தணிக்கும் அதே செயல், நுரையீரலின் காற்றுக் குழாய்களைத் திறந்து வைத்திருக்கும் ஏற்பிகளையும், அதாவது செல்களில் மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களையும், அடைத்துவிடுகிறது. குழாய்கள் சுருங்கி மூச்சிரைப்பு வரலாம். அதைவிட மோசமானது, அந்த நேரத்தில் நீங்கள் வழக்கமாக அடிக்கும் நீல நிற இன்ஹேலரும் அதே ஏற்பிகள் வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதால் அதன் முழுப்பலன் கிட்டாமல் போகலாம். மாடி அறை, நெரிசல், வாசலில் சிகரெட் புகை, மேடையில் செயற்கைப் புகை விடும் இயந்திரம் ஆகியவற்றோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அன்று ஒன்றும் நேராதது உங்கள் நல்ல நேரம். இரண்டாகக் கூட்டிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. இது மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து என்பதற்குக் காரணமே, வீசிங் உண்டா என்ற ஒரு கேள்வியை யாராவது முதலில் கேட்டாக வேண்டும் என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை இதயத்தைத்தான் அமைதிப்படுத்தும்; ‘நாலு பேர் என்னைப் பார்க்கிறார்கள்’ என்ற எண்ணத்தை அது தொடுவதே இல்லை. ‘நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை, ஆனால் பயம் அப்படியே இருந்தது, அதனால் பீர் வாங்கினேன்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தின் மேல் மது சேர்ந்தால் தலைசுற்றும். படியில் தடுமாறியதாகச் சொல்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நாளை வேறொரு நண்பர், பதற்றத்தைத் தணிக்கத் தரப்படும் அல்பிரசோலம் போன்ற மாத்திரையை நீட்டக்கூடும். அதை மதுவோடு எடுத்தால் மூச்சே மட்டுப்படும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு பீர் குடித்துவிட்டு ஆழ்வார்பேட்டையிலிருந்து பைக் ஓட்டிக்கொண்டு வந்தீர்கள் என்ற வாக்கியத்தையும் என்னால் படித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் சட்டம் வைத்திருக்கும் எல்லை. இரண்டு பீர் அதை எளிதில் தாண்டிவிடும். முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பிடிபடுவதைவிடப் பெரிய ஆபத்து எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்களைக் கெடுத்தது கூச்சம் அல்ல

கூச்ச சுபாவம்தான் அந்த இரவைக் கெடுத்தது என்பது உங்கள் முடிவு. கடிதத்தை இருமுறை படித்துவிட்டுச் சொல்கிறேன்: கூச்சத்தை மறைக்க நீங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகள்தாம் கெடுத்தன. கூச்சத்தோடு போய் முன்வரிசையில் நின்றிருந்தால்கூட உங்களுக்கு இத்தனை சேதம் வந்திருக்காது. நடுக்கம் தெரியக் கூடாதென்று மாத்திரை. அது மூச்சுக்கு ஆபத்து. தயக்கம் தெரியக் கூடாதென்று பீர். அது சாலையில் ஆபத்து. ஆளே தெரியக் கூடாதென்று ஸ்பீக்கர் ஓரத்து இருட்டு. அதன் விளைவை இன்றும் உங்கள் காது சொல்லிக்கொண்டிருக்கிறது. தடுமாறக் கூடாதென்று மனப்பாடம் செய்த வாக்கியம். கேட்கப்பட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லாததால் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

மனநல மருத்துவத்தில் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறோம். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-இல் சமூகப் பதற்றத்தை விளக்கி முன்வைத்த கோட்பாட்டில் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு. பதற்றம் உள்ளவர், கூட்டத்தில் நுழைந்ததும் வெளியே பார்ப்பதை விட்டு உள்ளே பார்க்கத் தொடங்குகிறார். என் கை எங்கே இருக்கிறது, முகம் எப்படி இருக்கிறது, குரல் நடுங்குகிறதா என்று தன்னையே உளவு பார்க்கிறார். உள்ளே உணரும் படபடப்பெல்லாம் வெளியேயும் அப்படியே தெரிகிறது என்று நம்பிவிடுகிறார். அதை மறைக்க ஏதோ செய்கிறார். விபரீதம் எதுவும் நடக்காதபோது, ‘நல்லவேளை, மறைத்துக்கொண்டேன்’ என்று தோன்றுகிறதே தவிர, ‘மறைக்காவிட்டாலும் ஒன்றும் நடந்திருக்காது’ என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வருவதில்லை. வீட்டுக்கு வந்தபிறகு முழு இரவையும் மனத்துக்குள் மறுபடி ஓட்டி, மோசமான காட்சிகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் பார்க்கிறார். நான்கு ஆண்டு காத்திருந்து கேட்ட பாடல்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் இரண்டே வரிதான் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் தனியாக வந்தது அருமை என்று எழுதிவிட்டு, உடனே கைகளை எங்கே வைப்பது என்ற கவலைக்குத் திரும்பிவிட்டீர்கள்.

‘எல்லோரும் பார்த்தார்கள்’ என்று கடிதத்தில் ஐந்தாறு இடங்களில் வருகிறது. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு உங்களுக்குப் பொருத்தமானது, ஏனென்றால் அதிலும் ஒரு பாடகரின் டி-ஷர்ட்தான் கதாநாயகன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், பாரி மேனிலோ என்ற பாடகரின் முகம் பெரிதாக அச்சிட்ட சட்டையை, அந்த வயதினர் அணிந்தால் மானம் போகும் என்று கருதிய சட்டையை, மாணவர்களுக்குப் போட்டுவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறக்குறைய பாதிப்பேர் என்றார்கள் சட்டை போட்டவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். அதுவும் ஒரு சாதாரண அறையில், உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில். இருட்டில், மேடை விளக்கைப் பார்த்துக்கொண்டு, காதடைக்கும் ஒலியில் நிற்கிற நூறு பேரில் எத்தனை பேர் உங்கள் கைகளைக் கவனித்திருப்பார்கள்? மார்கழிக் கச்சேரியில் ஐந்தாம் வரிசை மாமா தொடையில் தப்புத் தாளம் போடுவதை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

முன்பு ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் திறந்தவெளி அரங்கில் ராக் நிகழ்ச்சி பார்த்தபோது இந்தப் பிரச்சினை இல்லையே, ‘எனவே என் நிலைமை முற்றிவிட்டது’ என்று பயப்படுகிறீர்கள். முற்றவில்லை. ஆயிரக்கணக்கானோர் நடுவில் கூச்ச சுபாவிக்கு இடைஞ்சல் குறைவு. அங்கே யாரும் யாருக்கும் ஆள் அல்ல. எண்பது, நூறு பேர் இருக்கும் அறைதான் கடினம். சினிமா சாராத இசைக்குச் சென்னையில் திரும்பத் திரும்ப வரும் முகங்கள் குறைவு என்பதால், அவர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருப்பதும் இயல்பு. புதிதாக வருபவருக்கு அது அடுத்த வீட்டுக் கல்யாணம்போல் தோன்றத்தான் செய்யும். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் அங்கே முதல்முறையாக வந்தவர்கள்தாம்.

அந்தக் காணொளித் துண்டைப் பற்றி. உங்கள் உருவத்தை வெட்டச் சொல்லிக் கேட்க விருப்பம் என்கிறீர்கள். கேட்கலாம், தன்மையாகக் கேட்டால் சிறிய குழுக்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஆனால் அதுவும் இன்னொரு ஒளிந்துகொள்ளல் என்பதால், நான் வேறொன்று சொல்கிறேன். இனி அதைப் பார்ப்பதற்கு முன், ஒரு தாளில் நீங்கள் எப்படித் தெரிவீர்கள் என்று எழுதுங்கள்: எவ்வளவு விறைப்பு, எவ்வளவு நடுக்கம், முகம் எவ்வளவு சிவப்பு, பத்துக்கு எத்தனை. பிறகு ஒலியை நிறுத்திவிட்டு, அந்த ஓரத்து ஆள் முன்பின் தெரியாதவர் என்று எண்ணிக்கொண்டு ஒரே ஒருமுறை பாருங்கள். அதன்பின் தாளைத் திருத்துங்கள். சமூகப் பதற்றத்துக்கான சிகிச்சையில் நாங்கள் காணொளியைப் பயன்படுத்தும் முறையே இதுதான். பெரும்பாலோருக்கு, தாங்கள் எழுதியதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும்.

“சாப்பிட்டீங்களா?”

மன்னிப்புக் கேட்கும் செய்தி வேண்டாம். எதற்காக மன்னிப்பு? சிறிய அரங்குகளில் வாசிப்பவர்கள் மாலை நாலு, ஐந்து மணிக்கே சவுண்ட் செக்கிற்கு வந்துவிடுவார்கள். வாசித்து முடித்து, வயரைச் சுருட்டி, டிரம்ஸைக் கழற்றி, மேசை போட்டு விற்று, கடைசியில் பார்த்தால் கீழே உணவகத்தின் சமையலறை மூடியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு ரசிகர் வந்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால், நம் ஊர்க்காரர் யாருக்கும் அது விநோதமாகப் படாது. ‘அருமையான நிகழ்ச்சி’ என்பதை அன்று அவர் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்! முன்பின் அறியாத இருவர் பேசிப் பிரிந்த பிறகு, மற்றவருக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பேச்சு நன்றாக நடந்தவர்கள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். நீங்கள் பதிலே கேட்காமல் ஓடிவந்தவர், உங்கள் மதிப்பீடு எவ்வளவு சரியாக இருக்கும்?

பேசாமல் விட வேண்டிய விஷயம் அதுவென்றால், பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் 800 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள், பொருளைப் பெறவில்லை. அது உங்கள் உரிமை. பணம் செலுத்திய பதிவும் அலைபேசியில் இருக்கிறது. குழுவின் பக்கத்துக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: ‘ஆழ்வார்பேட்டை நிகழ்ச்சியில் டி-ஷர்ட்டுக்குப் பணம் செலுத்திவிட்டு வாங்காமல் வந்துவிட்டேன். அடுத்த நிகழ்ச்சியில் பெற்றுக்கொள்ளலாமா? அளவு மீடியம்.’ கூச்சம், வருத்தம், விளக்கம் எதுவும் அதில் வேண்டாம். எழுதியபின் நாலுமுறை திருத்தாமல் அனுப்பிவிட வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. பதில் வரத் தாமதமானால், அவர்களில் பலருக்கும் பகலில் வேறு வேலை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

மேடையில் நிற்பவர்கள் வேறு பிறவி என்ற எண்ணமும் உங்கள் கடிதம் முழுக்க ஓடுகிறது. ராக் இசையின் வரலாற்றில் அதற்கு ஆதாரம் குறைவு. பிரிட்டனின் எக்ஸ்டிசி குழுவின் பாடகர் ஆண்டி பார்ட்ரிஜ் 1982-இல் மேடைப் பயம் முற்றிச் சுற்றுப்பயணத்தையே கைவிட்டார். அதன்பின் அந்தக் குழு ஒலிப்பதிவுக்கூடத்திலேயே இயங்கியது. 1980-களின் கடைசியில் அதே நாட்டில் சில குழுக்கள், பார்வையாளரை ஏறிட்டுப் பார்க்காமல் காலடியில் இருந்த கிட்டார் பெடல்களையே பார்த்துக்கொண்டு வாசித்ததால், ‘ஷூகேஸ்’ (காலணியை உற்றுப் பார்ப்பது) என்று கேலியாக வைக்கப்பட்ட பெயர் ஓர் இசைவகைக்கே நிலைத்துவிட்டது. உங்களுக்குப் பிடித்த இசைவகைகளின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

காது

இரைச்சல் இரண்டு நாளில் குறைந்துவிட்டதால் சேதம் இல்லை என்று எண்ணியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. உட்செவியில் ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 பிறக்கும்போதே அமைந்துவிடுகின்றன. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பலத்த ஒலிக்குப் பின் காது மந்தமாகி இரைவது, அவை தாங்க முடியாமல் களைத்துப்போனதன் அடையாளம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறிவிடும். மறுபடி மறுபடி நேர்ந்தால் தேறாமல் நின்றுவிடும். உங்களுக்கு ஒரு மாதமாகியும் இரவில் கேட்கிறது என்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்புத்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்த வசதி இருக்கிறது. எப்போதாவது ஒரு காது திடீரென்று கேட்காமலே போனால் நாள் கடத்தக் கூடாது. அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை தொடக்க நாள்களில்தான் நன்கு பலிக்கும்.

அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல நிறுவனம் வகுத்த கணக்குப்படி, 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குக் கிடைப்பது 15 நிமிடம். சிறிய அறையில் டிரம்ஸும் கிட்டார் பெருக்கிகளும் சேர்ந்தால் 100-ஐத் தாண்டுவது சாதாரணம்; ஸ்பீக்கரின் வாயருகே இன்னும் கூடும். நீங்கள் நின்றது இரண்டு மணி நேரம். இசை நிகழ்ச்சிகளில் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரு தரநிலை வெளியிட்டது. அதை நம் ஊர் மாடி அரங்குகள் எப்போது படிக்கும் என்று காத்திருக்காமல், காதடைப்பானை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சு வைத்தால் பயனில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் மென்நுரை அடைப்பானே போதும். விரல்களால் இறுக்கி உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அது உச்ச ஒலிகளை அதிகம் வடிகட்டுவதால் பாட்டு சற்று மங்கும். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் அடைப்பான்கள் எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிக்கும். விலை கூடுதல், ஆனால் உங்களைப் போன்ற ரசிகருக்கு அது வீண் செலவு இல்லை.

அடுத்த மாதம்

போங்கள். மாத்திரையும் மதுவும் இல்லாமல், பைக்கும் இல்லாமல் போங்கள். சில விஷயங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, நேரம். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் தாமதமாகப் போய்ச் சத்தமில்லாமல் நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நீங்களும் முக்கியக் குழு தொடங்கும் நேரத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள். அப்போது அறை நிறைந்து, எல்லோரும் கும்பல் கும்பலாக நின்றுவிட்டிருப்பார்கள். கதவு திறந்ததுமே போனால், உங்களைப்போல் தனியாக வந்து சுவரோரம் நிற்கும் நாலைந்து பேரைப் பார்ப்பீர்கள். அறை உங்களைச் சுற்றி நிறையும். முன்னதாக வாசிக்கும் புதிய குழுவுக்குக் கைதட்டவும் ஆள் தேவை.

நிற்கும் இடத்துக்கு, ஒலிப்பொறியாளர் மிக்ஸர் வைத்து உட்கார்ந்திருக்கும் மேசையை ஒட்டிய பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அவர் தம் காதில் விழுவதை வைத்துத்தான் ஒலியைச் சமன் செய்கிறார். ஆகவே அறையிலேயே பாட்டு சரியாகக் கேட்கும் இடம் அதுதான். ஸ்பீக்கரிலிருந்தும் விலகியிருக்கும். கைகட்டி நின்று கேட்பவர்கள் அங்கேதான் கூடுவார்கள் என்பதால், ஆட வேண்டுமே, கத்த வேண்டுமே என்ற கட்டாயமும் இல்லை. ராக் நிகழ்ச்சி என்றால் எல்லோரும் துள்ளித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

நின்றபின், கவனம் உங்கள் கைகளுக்குத் திரும்பும்போதெல்லாம் அதை ஒரு வாத்தியத்தின் மேல் திருப்பி விடுங்கள். ஒரு பாட்டு முழுக்க பேஸ் கிட்டாரை மட்டும், அடுத்த பாட்டில் டிரம்ஸ்காரரின் வலது காலை மட்டும் என்று. இது மனத்தை வெளியே இழுத்து வைக்கும் பயிற்சி. அலைபேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். டி-ஷர்ட் மேசைக்குப் போகும்போது எதையும் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்றாம் பாட்டின் டிரம்ஸ் உங்களுக்குப் பிடித்திருந்தது, அதைச் சொன்னால் போதும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கிய குரலிலேயே சொல்லி முடித்து, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் நான் உங்களிடம் கேட்கும் சோதனை.

இது நோயா?

கூச்சம் நோய் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ராக் நிகழ்ச்சியோடு சம்பந்தமில்லாத சில வரிகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பில் பாடம் வாசிக்கும்போது திக்கியதிலிருந்து வகுப்பில் எழுந்து பேசியதில்லை. அலுவலகத்தில் மதிய உணவைத் தனியாக உண்பதற்காகவே நேரம் தாழ்த்திப் போகிறீர்கள். வாராந்திரக் கூட்டத்தில் கேமராவை இயக்குவதில்லை. வாடிக்கையாளர் முன் பேச வேண்டியிருக்கும் என்று ஒரு பதவி உயர்வை மறுத்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவுகளையும் சுருக்கத் தொடங்கினால் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்று வகைப்படுத்துகிறோம். பெரும்பாலும் பதின்வயதில்தான் அது தொடங்குகிறது. கடிதத்தை வைத்து நான் நோய்ப்பெயர் சூட்ட முடியாது, சூட்டவும் கூடாது. நேரில் ஒருவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இந்தப் பதவி உயர்வு விஷயமே எனக்குப் போதுமான காரணம்.

சிகிச்சை என்றால் ஆயுள் முழுக்க மாத்திரை என்று எண்ண வேண்டாம். பிரிட்டனின் 2013-ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல் இதற்கு முதலில் பரிந்துரைப்பது தனிநபர் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையைத்தான். மேலே சொன்ன காணொளிப் பயிற்சி போன்றவை அதன் பகுதிகள், வழக்கமாகச் சில மாதங்களில் முடிபவை. அது போதாதபோதோ, கிடைக்காதபோதோ, செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள் உண்டு. அவை நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன் போட்டுக்கொள்பவை அல்ல. பலன் தெரியப் பல வாரம் ஆகும், நிறுத்துவதும் மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான்.

மனநல மருத்துவரிடம் போனால் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும், நாளை பெண் பார்க்கும்போது பேச்சு வரும் என்ற உங்கள் அச்சத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 23-ஆம் பிரிவில் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற குறிப்பிட்ட சில சூழல்களில் மட்டுமே விலக்கு. நீங்களாகச் சொன்னாலொழிய உங்கள் மேலாளர் அதைக் கேட்டுப் பெற வழியில்லை. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

நேரில் போவதற்கு முன் யாரிடமாவது பேசிப் பார்க்க விரும்பினால், மைய அரசின் டெலி-மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கிடைக்கிறது. பெயர் சொல்லத் தயங்கினாலும் பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு விஷயங்களை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: வீசிங் உண்டு, ப்ரோபிரானோலால் ஒருமுறை எடுத்திருக்கிறேன். இன்ஹேலரின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள். அறைத் தோழரிடம் மீதி மாத்திரைகள் இருந்தால், அவருக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள், எதற்காக என்பதையும் விசாரித்துவிடுங்கள். அவருக்கும் அது தேவைதானா என்று ஒரு மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கலாம்.